மெதுவாக வாழ்ந்தால்தான் நீண்ட ஆயுளா? கிரீன்லாந்து சுறாவும் பஞ்சவர்ணக்கிளியும்

கேள்வி இது: "கிரீன்லாந்து சுறா நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்வதற்குக் காரணம், குளிர்ந்த ஆழ்கடலில் அது மெல்ல மெல்ல வாழ்வதுதான் என்கிறார்கள். அப்படியென்றால் வெயிலில் பறந்து திரிந்து நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் பஞ்சவர்ணக்கிளி எப்படி ஐம்பது வருடம் வாழ்கிறது? இந்த இரண்டையும் ஒப்பிட முடியுமா?"

ஒப்பிடலாம். ஒப்பிடத்தான் வேண்டும். சுறாவை மட்டும் பார்த்தால் 'மெதுவாக வாழ்ந்தால் நீண்ட ஆயுள்' என்ற முடிவுக்குச் சுலபமாக வந்துவிடுவோம். கிளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் அந்த முடிவு நிற்காது. உடம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, ஓடும்போது உண்டாகும் பழுதை அது எவ்வளவு அக்கறையாகச் சரிசெய்துகொள்கிறது என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. அப்படிச் சரிசெய்வதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவு எந்த உயிருக்குக் கட்டுப்படியானதோ அது நீண்டநாள் வாழ்கிறது. என் பதில் இதுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உறவுமுறையைப் பார்த்துவிடுவோம். சுறாவும் மீன், மத்தியும் மீன், கிளி பறவை. ஆகவே மத்திக்குச் சுறாதான் நெருங்கிய சொந்தம் என்று தோன்றும். உண்மையில் மத்திக்குச் சுறாவைவிடக் கிளிதான் நெருக்கம். தாடையுள்ள முதுகெலும்பிகள் சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கிளைகளாகப் பிரிந்தன. ஒன்றில் சுறா, திருக்கை, கைமேரா போன்ற குருத்தெலும்பு மீன்கள். மற்றொன்றில் எலும்பு மீன்கள். அந்த எலும்பு மீன்களின் வழியில்தான் தவளை, பல்லி, கிளி, நாம் எல்லோரும் வந்தோம். ஆக, சுறாவையும் கிளியையும் ஒப்பிடும்போது தாடையுள்ள உயிர்களின் குடும்ப மரத்தில் அந்தக் கோடியையும் இந்தக் கோடியையும் ஒப்பிடுகிறோம். இவ்வளவு தள்ளி நிற்கும் இரண்டும் ஒரே தீர்வுக்கு வந்திருந்தால், தனித்தனியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

குருத்தெலும்பு என்றதுமே 'எலும்பு தோன்றுவதற்கு முந்தைய பழைய நிலை' என்று சொல்லும் வழக்கம் பாடப்புத்தகங்களில் நீண்டநாள் இருந்தது. மங்கோலியாவில் கிடைத்த மின்ஜினியா என்ற 41 கோடி ஆண்டுப் பழைய மீனின் மண்டையோட்டில் உள்ளெலும்பு (குருத்தெலும்பின் இடத்தில் உள்ளே உருவாகும் எலும்பு) இருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியபிறகு அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சுறாவின் முன்னோர்களுக்கு எலும்பு இருந்து, பின்னால் அதைக் கைவிட்டிருக்கலாம் என்று தெரிகிறது. கைவிட்டதில் லாபமும் உண்டு. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எடை குறைந்த எலும்புக்கூடும், எண்ணெய் நிரம்பிய பெரிய ஈரலும்தான் அதை மூழ்காமல் தாங்குகின்றன. கிளியும் எடையைக் குறைக்கத்தான் எலும்புக்குள் காற்றை ஏற்றிக்கொண்டது. ஒன்று மிதக்க, மற்றது பறக்க.

இனி ஆயுள் கணக்கு. சுறாவின் பக்கம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

கிரீன்லாந்து சுறா வட அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் வாழ்கிறது. உறைநிலையை ஒட்டிய குளிரிலும் அது சாதாரணமாகத் திரியும். சில இடங்களில் மேல்மட்டத்துக்கு வரும். 2,200 மீட்டர் ஆழத்தில் நீர்மூழ்கிக் கருவியின் கேமராவிலும் சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டர் நீளம். 6 மீட்டரைத் தாண்டியதும் உண்டு. உடலில் கருவி பொருத்திப் பார்த்ததில் அது சராசரியாக நொடிக்கு 34 சென்டிமீட்டர்தான் நீந்துகிறது என்று தெரிந்தது. அதன் உருவத்துக்கு, இதுவரை அளந்த மீன்களிலேயே மிக மெதுவான வேகம் இது.

இதன் வளர்ச்சி எவ்வளவு மெதுவானது என்பதற்கு முதல் சான்று, போல் மரினஸ் ஹான்சன் என்ற டேனிஷ் மீன்வள ஆய்வாளரிடமிருந்து வந்தது. அவர் 1936இல் அடையாளப் பட்டை மாட்டி விட்ட ஒரு சுறா 1952இல் மீண்டும் பிடிபட்டது. 16 ஆண்டுகளில் அது வளர்ந்திருந்தது 8 சென்டிமீட்டர். ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர். 5 மீட்டர் நீளமுள்ள சுறாவுக்கு என்ன வயது இருக்கும் என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. விடை கிடைக்க இன்னும் 64 ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்குக் காரணம் குருத்தெலும்புதான். எலும்பு மீன் என்றால் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை எடுத்து அறுத்து, மரத்தில் வளையம் எண்ணுவதுபோல் எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். சுறாக்களுக்கு அந்தக் கல் இல்லை. பல சுறாக்களின் முதுகெலும்பு வட்டுகளிலாவது சுண்ணாம்பு வளையங்கள் படியும். கிரீன்லாந்து சுறாவின் வட்டுகளோ அதற்கும் இடம் கொடுக்காத அளவு மென்மையானவை. கடைசியில் யூலியஸ் நீல்சன் என்ற டேனிஷ் ஆய்வாளரும் குழுவினரும் கண்ணுக்குள் போனார்கள். கண் வில்லையின் நடுக்கரு தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகிறது. அதன்பின் அந்தப் புரதம் மாற்றப்படுவதே இல்லை. பிறந்த காலத்துக் கார்பன் அப்படியே பூட்டிக் கிடக்கும். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலும் பின்னர் கடலிலும் கதிரியக்கக் கார்பனைக் கூட்டிவிட்டன. அதற்குப் பிறகு பிறந்த சுறாவின் கண்ணில் அந்த முத்திரை இருக்க வேண்டும்.

அவர்கள் 28 பெண் சுறாக்களின் கண்களை ஆராய்ந்தார்கள். மிகச் சிறிய மூன்றில் மட்டுமே அந்த முத்திரை இருந்தது. மற்றவை எல்லாம் அணுகுண்டுக்கு முந்தியவை. அவற்றில் பெரியது 502 சென்டிமீட்டர்; அதற்குக் கணித்த வயது 392, கூடக்குறைய 120 ஆண்டு. அதாவது குறைத்துச் சொன்னாலும் 272. முதுகெலும்புள்ள வேறெந்த விலங்குக்கும் இவ்வளவு வயது கணிக்கப்பட்டதில்லை. 2016 ஆகஸ்டில் வெளியான இந்த ஆய்வில் எனக்கு 392 என்ற எண்ணைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு எண்: பெண் சுறா குட்டி போடத் தகுதி பெறும் வயது சுமார் 156. இதைக் கடைசியில் மறுபடியும் எடுப்பேன்.

கிளியின் பக்கம் வந்தால், முதலில் கொஞ்சம் மிகையைக் கழிக்க வேண்டியிருக்கிறது. நூறு வயதுக் கிளிகளைப் பற்றிய கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. பெரும்பாலானவற்றுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. வீட்டில் ஒரு கிளி செத்து இன்னொன்று அதே பெயரோடு வந்திருக்கவும் கூடும். நம்பத்தக்க பதிவு உள்ளவற்றில் மூத்தது, சிகாகோவை ஒட்டிய புரூக்ஃபீல்டு விலங்குக்காட்சி சாலையில் இருந்த குக்கி என்ற மேஜர் மிட்செல் காக்கட்டூ. 1933இல் பிறந்து, சுறாவின் வயது வெளியான அதே 2016 ஆகஸ்டில், 83 வயதில் இறந்தது.

ஒற்றைச் சாதனையை வைத்து இனத்தை எடைபோடக் கூடாது. 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குக்காட்சி சாலைகளில் 217 கிளியினங்களைச் சேர்ந்த 1,30,000க்கும் மேற்பட்ட பறவைகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. செந்நிறப் பஞ்சவர்ணக்கிளிக்குச் சராசரி வாழ்நாள் எதிர்பார்ப்பு சுமார் 30 ஆண்டுகள் என்று வந்தது. ஆகவே கேள்வியில் உள்ள ஐம்பது, நல்ல கவனிப்பில் சில பறவைகள் எட்டும் வயது. எல்லாப் பஞ்சவர்ணக்கிளியும் ஐம்பதைத் தொடுவதில்லை. அதே ஆய்வில் அத்திக்கிளி வகைக்கு 2 ஆண்டுதான். கிளி என்றாலே நீண்ட ஆயுள் என்பதும் சரியில்லை.

30 ஆண்டு எங்கே, 392 எங்கே என்று கேட்கலாம். எடையைப் பாருங்கள். பஞ்சவர்ணக்கிளி ஒரு கிலோ. அதே ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றி பெரும்பாலும் 5 முதல் 8 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. பொதுவாக உருவம் பெரிதானால் ஆயுளும் கூடும். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள ஒரு குளிர் ரத்த மீன் நீண்டநாள் வாழ்வதில் ஓரளவு எதிர்பார்ப்புக்கு இடமுண்டு. ஒரு கிலோ எடையில், 41 டிகிரி உடல் சூட்டில் 30 ஆண்டு தாங்குவது அதற்குச் சற்றும் இளைத்த சாதனை இல்லை.

இப்போது 'மெதுவாக வாழ்தல்' கொள்கைக்கு வருவோம். 1908இல் ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் ருப்னர், விலங்குகள் தம் வாழ்நாளில் ஒரு கிராம் உடலுக்குச் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ ஒரே அளவு என்று கணக்குப் போட்டார். 1928இல் ரேமண்ட் பேர்ல் அதை ஒரு முழுக் கொள்கையாக்கினார்: வேகமாகச் செலவழித்தால் சீக்கிரம் தீரும், மெதுவாகச் செலவழித்தால் நாள்படும். கிரீன்லாந்து சுறா இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. 224 கிலோ எடையுள்ள ஒரு சுறா உயிர்தரிக்க நாளொன்றுக்கு 200 கிராமுக்கும் குறைவான இரை போதும் என்று 2020இல் ஒரு கணிப்பு வெளியானது. மூன்று நாலு மத்தி. அவ்வளவு பெரிய உடம்புக்கு ஒரு நாள் செலவு அதுதான்.

கிளியை இதே அளவுகோலில் நிறுத்தினால் அளவுகோல் முறிகிறது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 150 முறை துடிப்பதாக வைத்துக்கொள்வோம். பறக்கும்போது பல மடங்கு ஏறும், அதை விட்டுவிடுவோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடித் துடிப்பு. 40 ஆண்டில் 300 கோடிக்கு மேல். பாலூட்டிகளில் எலி முதல் யானை வரை வாழ்நாளுக்குச் சுமார் 100 கோடித் துடிப்பு என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. கிளி அதைப்போல் மூன்று மடங்கைச் சாவகாசமாகக் கடக்கிறது. ஆக, 'ஆற்றல் செலவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அது தீர்ந்தால் ஆயுள் தீரும்' என்ற பேச்சு பறவைகளிடம் செல்லாது. ருப்னர் பறவைகளைக் கணக்கில் நன்றாகச் சேர்த்திருந்தால் கொள்கையே வேறு மாதிரி வந்திருக்கும்.

எப்படிச் சமாளிக்கிறது? இதற்கு ஒரு பதில் புறாவிடமிருந்து கிடைத்தது. எலியும் புறாவும் எடையில் ஏறத்தாழ ஒன்று. புறாவின் உடல் எலியினுடையதைவிடச் சூடானது, வேகமானது. ஆனால் எலி அதிகபட்சம் 4 ஆண்டு, புறா 35 ஆண்டு. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை இரண்டிலும் எடுத்து 1990களில் மாட்ரிட்டில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆக்சிஜனைச் செலவிடும்போது கசியும் தீங்கான மூலக்கூறுகள் புறாவில் குறைவாக இருந்தன. எரிபொருள் கூடுதலாக எரிகிறது, புகை குறைவாக வருகிறது. கிளிகளுக்கென்று பார்த்தால், 2018இல் நீலநெற்றி அமேசான் கிளியின் மரபணுத் தொகுப்பைப் படித்தவர்கள் நீண்ட ஆயுளோடு தொடர்புடைய மரபணுக்களில் தனித்த மாற்றங்களைக் கண்டார்கள். டிஎன்ஏவில் ஏற்படும் பழுதைச் சரிசெய்வது, குரோமோசோம் நுனிகள் தேயாமல் காப்பது, செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுப்பது ஆகிய வேலைகள் செய்யும் மரபணுக்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

2024இல் கிரீன்லாந்து சுறாவின் மரபணுத் தொகுப்பு வெளியானது. சுமார் 645 கோடி எழுத்துகள், நம்முடையதைப்போல் இரு மடங்கு. அதில் பெரும்பகுதி தன்னைத்தானே நகலெடுத்து இடம் தாவும் துண்டுகள். வழக்கமாக இவை தொல்லைதான். ஆனால் டிஎன்ஏ பழுதுநீக்கத்தோடு தொடர்புள்ள பல மரபணுக்களும் இந்தச் சுறாவில் ஒன்றுக்குப் பலவாகப் பெருகியிருந்தன. அந்தத் தாவும் துண்டுகளே இந்தப் பெருக்கத்துக்கும் வழிசெய்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்னொரு குழு அதன் தசையை ஆராய்ந்து, வயது ஏற ஏற வளர்சிதை மாற்ற நொதிகளின் வேகம் குறையக் காணோம் என்று 2024இல் தெரிவித்தது. பொதுவாக விலங்குகளில் வயதானால் இந்த வேகம் மாறும். கண்ணும் அப்படித்தான். இந்தச் சுறாவின் கருவிழியில் ஓர் ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இது குருட்டு மீன் என்றே பலரும் எழுதிவந்தார்கள். அண்மையில் விழித்திரையைக் கூர்ந்து பார்த்தவர்கள், நூறு வயது தாண்டியவற்றிலும் சிதைவுக்கான அறிகுறி இல்லை என்கிறார்கள்.

இங்கேதான் இரண்டும் சந்திக்கின்றன. குளிரிலும் மெதுவிலும் இருக்கும் சுறாவுக்கும் பழுதுநீக்கும் ஏற்பாடு வலுவாகத் தேவைப்பட்டிருக்கிறது. சூட்டிலும் வேகத்திலும் இருக்கும் கிளிக்கும் அதுவே தேவைப்பட்டிருக்கிறது. குளிர் மட்டுமே காரணம் என்றால் ஆர்க்டிக்கில் உள்ள எல்லா மீனும் நூற்றாண்டுகள் வாழ வேண்டும். வாழ்வதில்லை. அதே குளிரில் திரியும் போலார் காட் என்ற சிறு மீன் ஏழெட்டு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. மரபணுக்களில் கண்ட ஒற்றுமை ஒன்றே முழு நிரூபணம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் 45 கோடி ஆண்டு தள்ளி நிற்கும் இரண்டு வம்சங்களும் ஒரே வகை வேலையில் முதலீடு செய்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் எலி ஏன் அந்த முதலீட்டைச் செய்யவில்லை? இதற்கு விடை, உடலுக்கு வெளியே இருக்கிறது. பீட்டர் மெடவார் 1952இலும் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இலும் சொன்ன கருத்து இது. எலியை எப்படியும் இரண்டு வருடத்துக்குள் பூனையோ ஆந்தையோ பாம்போ தின்றுவிடும். பத்து வருடம் தாங்கும் உடம்பைக் கட்டி அது என்ன செய்யும்? சீக்கிரம் குட்டி போடுவதே அதற்கு லாபம். பறக்கத் தெரிந்தவை அந்த ஆபத்திலிருந்து ஓரளவு தப்புகின்றன. அதனால்தான் பறவைகளும், பாலூட்டிகளில் வௌவாலும், தம் எடைக்கு மீறிய ஆயுளோடு இருக்கின்றன. நான்கைந்து மீட்டர் சுறாவைத் தின்ன ஆர்க்டிக் ஆழத்தில் அநேகமாக யாரும் இல்லை. வளர்ந்துவிட்டால் சாக வாய்ப்புக் குறைவு என்ற நிலை இரண்டுக்கும் பொது. ஒன்றுக்கு இறகு கொடுத்த பாதுகாப்பை மற்றதற்கு உருவமும் ஆழமும் கொடுத்தன.

கிளிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு, மூளை. 2016இல் பறவை மூளைகளில் நரம்புச் செல்களை எண்ணிய ஆய்வில், நீல மஞ்சள் பஞ்சவர்ணக்கிளியின் முன்மூளை மேற்பகுதியில் மட்டும் சுமார் 190 கோடி நரம்புச் செல்கள் இருந்தன. நம் ஊர்க் குரங்கின் இனத்தாரான மக்காக் குரங்கின் மூளைப் புறணியில் இருப்பதைவிட அதிகம். மூளை எடையோ 20 கிராம் அளவுதான். நான் மேலே சொன்ன 217 இன ஆய்வின் முக்கிய முடிவும், உடலோடு ஒப்பிட மூளை பெரிதான கிளிகள் அதிக நாள் வாழ்கின்றன என்பதே. எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், எந்தக் காயை எந்தப் பருவத்தில் உடைக்கலாம் என்று கற்றுக்கொள்ளப் பல ஆண்டு ஆகும். கற்றதைப் பயன்படுத்தவும் ஆயுள் வேண்டும். சுறாவிடம் அறிவுக்கு இப்படி ஒரு பங்கு இருப்பதற்கான சான்று இல்லை. இந்த இடத்தில் ஒப்பீடு பிரிந்துவிடுகிறது, பிரிந்தே இருக்கட்டும்.

உப்பு விஷயத்தில் இவை இரண்டும் நேரெதிர். கடலில் உப்பு அதிகம். எலும்பு மீன்களின் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், அவை கடல்நீரைக் குடித்து உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சுறா வேறு வழியில் போனது. கழிவாக வெளியேற்ற வேண்டிய யூரியாவையே உடலில் தேக்கி, உள்ளே இருக்கும் அடர்த்தியைக் கடலுக்குச் சமமாக்கிக்கொண்டது. யூரியா அதிகமானால் புரதங்கள் குலையும். அதை ஈடுகட்ட ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருளையும் சேர்த்து வைக்கிறது. ஆழத்தின் அழுத்தத்தில் புரதங்கள் நசுங்காமல் காப்பதும் அதே பொருள். கிரீன்லாந்து சுறாவில் இது மிக அதிகம். அதனால்தான் அதன் பச்சை இறைச்சி நஞ்சு. தின்ற ஸ்லெட்ஜ் நாய்கள் குடித்ததுபோல் தள்ளாடும். ஐஸ்லாந்துக்காரர்கள் அதைச் சரளை மண்ணில் வாரக்கணக்கில் புதைத்துப் புளிக்கவைத்து, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுத்தான் 'ஹாகார்ல்' என்ற பெயரில் சாப்பிடுகிறார்கள். பஞ்சவர்ணக்கிளிக்கோ உப்புத்தான் கிடைக்காத பொருள். பெரு நாட்டின் தம்போபாட்டாவில் ஆற்றங்கரை மண்சுவர்களில் காலைநேரத்தில் நூற்றுக்கணக்கான கிளிகள் வந்து மண் தின்னும். காயில் உள்ள நஞ்சை முறிக்கத்தான் என்று முதலில் நினைத்தார்கள். பல ஆண்டுகள் பார்த்ததில், சோடியம் அதிகமுள்ள அடுக்கையே தேடித் தின்கின்றன என்பது புலப்பட்டது. மேற்கு அமேசான் கடலிலிருந்து வெகுதூரம். மழை வேறு மண்ணில் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது.

இனி இனப்பெருக்கம். நீண்ட ஆயுளுக்கு விலை கட்டும் இடம் அதுதான். செந்நிறப் பஞ்சவர்ணக்கிளி ஆண்டுக்கு 2 முதல் 4 முட்டை இடும். ஒன்றோ இரண்டோதான் பறக்கும் வயதை எட்டும். கடைசியாகப் பொரித்த குஞ்சு பெற்றோரின் கண்ணெதிரே பட்டினியில் சாவது சாதாரணம். தம்போபாட்டாவில் அப்படிப்பட்ட குஞ்சுகளை எடுத்து வேறு ஜோடியின் கூட்டில் வைத்துப் பிழைக்கச் செய்திருக்கிறார்கள். ஹயசிந்த் மக்காவ் என்ற முழு நீலமான பஞ்சவர்ணக்கிளி ஏழெட்டு வயதுக்குப் பிறகுதான் கூடு கட்டத் தொடங்கும். 2 முட்டை, பெரும்பாலும் 1 குஞ்சு.

சுறா முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டி போடுகிறது. பழைய பதிவு ஒன்றில் ஒரு தாயிடம் 10 குட்டிகள் இருந்தன. 2020இல் வந்த ஒரு கணிப்போ ஒரு சினைக்கு 200 முதல் 324 வரை என்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியே போதும், இந்த விலங்கைப் பற்றி மனிதருக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதற்கு. எத்தனை குட்டி என்றாலும், தொடங்குவதற்கே 150 ஆண்டு ஆகிறது.

இரண்டின் வாழ்க்கையும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: வளர்ந்தவை சாகாது. அந்த நம்பிக்கையை உடைத்தது மனிதர் மட்டுமே.

1980களில் குறைந்தது 10,000 ஹயசிந்த் மக்காவ்களைக் காட்டிலிருந்து பிடித்து விற்றார்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1987இல் இதன் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தது. 1990இல் நெய்வா கேதஸ் என்ற பிரேசில் உயிரியலாளர் பன்டனால் சதுப்புநிலத்தில் இவற்றைக் காக்கும் வேலையைத் தொடங்கினார். அங்கே இந்தக் கிளி பெரும்பாலும் மந்துவி என்ற ஒரே மரத்தின் பொந்தில்தான் கூடு வைக்கும். பொந்து விழ அந்த மரத்துக்கே அறுபது வயதாவது ஆக வேண்டும். மந்துவியின் விதைகளில் 83 சதவீதத்தைப் பரப்புவது டோகோ டூக்கன் என்ற பறவை. கிளியின் முட்டைகளைத் தின்பதிலும் பாதிக்கு மேல் அதே டூக்கன்தான் காரணம். டூக்கன் இல்லாவிட்டால் மரம் இல்லை, இருந்தால் முட்டை இல்லை. கேதஸ் குழுவினர் மரப்பெட்டிகளை மாட்டினார்கள், பொந்துகளின் வாயைச் செப்பனிட்டார்கள், பண்ணையாளர்களிடம் பேசினார்கள். பன்டனாலில் சுமார் 1,500 ஆக இருந்த எண்ணிக்கை 5,000 வரை ஏறியது. 2020இல் தீ அந்தச் சதுப்புநிலத்தில் கால்வாசிக்கு மேல் எரித்துவிட்டது. ஆனாலும் மனிதர் உழைத்தால் கிளி திரும்பி வரும் என்பது நிரூபணமாகிவிட்டது.

(நம் ஊரில் வெளிநாட்டுப் பஞ்சவர்ணக்கிளி வாங்கி வளர்க்க நினைப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அரசிடம் பதிவு செய்யவேண்டிய கடமை ஒருபுறம். உங்கள் பிள்ளை படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பறவை உயிரோடிருக்கும் என்பது மறுபுறம். அதற்கு மனத்தில் இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.)

சுறாவை ஈரலுக்காகப் பிடித்தார்கள். ஈரல் எண்ணெய் விளக்கெரித்தது, எந்திரத்துக்கு உயவானது. 1910களில் கிரீன்லாந்தில் மட்டும் ஆண்டுக்கு 30,000க்கு மேல் பிடித்தார்கள். எண்ணெய்க்கு மாற்று வந்ததும் 1960கள் வாக்கில் அந்தத் தொழில் ஓய்ந்தது. இப்போது அந்த 156ஐ நினைத்துப் பாருங்கள். வேட்டை உச்சத்தில் இருந்த 1910களில் பிறந்த பெண் சுறா இன்றுவரை வயதுக்கு வரவில்லை. அன்று கொன்ற தாய்களின் இடத்தை நிரப்ப வேண்டிய மகள்கள் இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். வெப்ப நாட்டு ஆழ்கடலிலும் இதே கதை நடந்திருக்கிறது. மாலத்தீவில் 1980 வாக்கில் ஆழ்கடல் கல்பர் சுறாக்களை ஈரலுக்காகப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் உச்சம் தொட்டு, பிறகு மீன் கிடைக்காமலே தொழில் படுத்தது. 2010இல் அந்நாடு சுறாப்பிடிப்பையே தடை செய்தது.

எது கூடுதல் ஆபத்தில் இருக்கிறது என்று கேட்டால், நான் சுறாவையே சொல்வேன். ஹயசிந்த் மக்காவும் கிரீன்லாந்து சுறாவும் ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் ஒரே படியில், 'அழியக்கூடியவை' என்ற இடத்தில் இருக்கின்றன. ஆனால் கிளிக்குப் பெட்டி மாட்டலாம், குஞ்சை இடம் மாற்றலாம், பத்து ஆண்டில் பலனைக் கண்ணால் பார்க்கலாம். சுறா எங்கே குட்டி போடுகிறது என்ற இடமே இன்னும் அகப்படவில்லை. அதற்காகச் செய்ய முடிந்தது ஒன்றுதான், கொல்லாமல் விடுவது. ஹாலிபட் மீனுக்கு வீசும் இழுவலையிலும் நீள்தூண்டிலிலும் அது தானாக வந்து மாட்டிக்கொள்கிறது. பனி விலகும் ஆர்க்டிக்கில் அந்தப் படகுகள் இன்னும் வடக்கே போகின்றன. வடமேற்கு அட்லாண்டிக் மீன்வள அமைப்பு 2018இல் இதைக் குறிவைத்துப் பிடிப்பதைத் தடை செய்தது. 2022இல், தவறிச் சிக்கினாலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தது. அந்த விதி பன்னாட்டுக் கடலுக்கு மட்டுமே. கரையோர நாடுகளின் சொந்தக் கடலில், வலையில் சிக்கிய சுறாவை உயிரோடு அவிழ்த்து விடுவதா, நேரத்தை மிச்சப்படுத்த வெட்டிவிடுவதா என்பது இன்னும் பெரும்பாலும் அந்தப் படகில் இருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.